அரை எச்பி மோட்டார் சிக்கிக்கொண்டது: கார் ஷெட் பட்டறைக்காரர்கள் வரவும்

சிங்காநல்லூர்க்காரன்

வணக்கம். கோவையில் எங்கள் வீட்டு கார் ஷெட்டின் பின்சுவர் ஓரமாக ஒரு மேஜை, நான்கு இஞ்ச் வைஸ், டிரில்லிங் மெஷின், அப்பா விட்டுச் சென்ற அரங்களும் ஸ்பேனர்களும் என்று சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை வாசலில் நிறுத்திவிட்டால் மதியம் வரை அது என் இடம். மோட்டார் ரிப்பேருக்கு ஆள் கிடைக்காத ஊர் இல்லை இது, இருந்தாலும் வீட்டுச் சாமானை நானே பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்வதில் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். சம்ப்பிலிருந்து (தரைக்கடித் தொட்டி) மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை எச்பி மோனோபிளாக் பம்ப், அதாவது மோட்டாரும் பம்ப்பும் ஒரே ஷாஃப்ட்டில் சேர்ந்தது, எட்டு வருடம் ஓடியது. போன வாரம் சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று உறுமியதே தவிர சுற்றவில்லை. அப்படியே விட்டால் மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுற்று (காயில்) கருகிவிடும் என்று உடனே நிறுத்திவிட்டேன். முதல் சந்தேகம் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் மேல். மெயினை அணைத்துவிட்டு, பழைய 100 வாட்ஸ் குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரின் இரண்டு ஒயரையும் கெப்பாசிட்டர் முனைகளில் தொட வைத்து சார்ஜை இறக்கி, மீட்டரில் பார்த்தேன். 10 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருக்கிறது, மீட்டர் 9.7 காட்டியது. அதில் குறை இல்லை. அப்புறம் பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி, ஷாஃப்ட் முனையில் இருக்கிற வெட்டில் திருப்புளியை வைத்துத் திருகிப் பார்த்தால் இம்மியும் அசையவில்லை.

முழுதாகப் பிரித்தாயிற்று. இரண்டு பக்கமும் 6202 பேரிங். விசிறிப் பக்கத்து பேரிங் புதுசு போலச் சுற்றுகிறது. தண்ணீர்ப் பக்கத்து பேரிங்தான் போய்விட்டது. கிரீஸ் வெளியே பிதுங்கி, காப்பித் தூளைத் தண்ணீரில் குழைத்து அப்பிய மாதிரி இருந்தது, உள்ளே குண்டுகளெல்லாம் துரு. பேரிங் வாங்கி வைத்துவிட்டேன். ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் மோட்டார் பக்கம் வராமல் தடுக்கிற மெக்கானிக்கல் சீல் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது, அதையே திரும்பப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். என் கேள்வி ஒன்றுதான்: அழுத்தி ஏற்றுகிற பிரஸ் மெஷின் இல்லாமல் வீட்டில் பேரிங்கைப் பழுதில்லாமல் ஏற்றுவது எப்படி?

மலைக்கோட்டை

பேரிங் ஏற்றுவது பெரிய விஷயம் இல்லை தம்பி. 6202 என்றால் உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 35, அகலம் 11. அரை இஞ்ச் ஜிஐ பைப் ஒரு ஜாண் வெட்டி, முனையை அரத்தால் மட்டமாக ராவி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பைப்பின் ஓட்டை 16 மில்லிக்குக் கிட்டே, ஷாஃப்ட் தாராளமாக நுழையும். வெளிச்சுற்று 21.3, அதனால் பைப்பின் விளிம்பு பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும்தான் உட்காரும். ஷாஃப்ட்டைச் சுத்தமாகத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பேரிங்கை நேராக வைத்து, பைப்பின் மேல் சுத்தியலால் சின்னச் சின்ன அடியாக இறக்குங்கள். கடைசியில் ஷாஃப்ட்டின் படியில் போய் முட்டும்போது சத்தம் மாறும், ‘டொக் டொக்’ என்பது ‘டிங்’ ஆகும். அதோடு நிறுத்திவிட வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் வெளிவளையத்தில் தட்டி ஏற்றாதீர்கள். அந்த அடியெல்லாம் குண்டுகள் வழியாகத்தான் போகும், ஓடுபாதையில் பள்ளம் விழுந்துவிடும். புதுப் பேரிங்கே முதல் நாளிலிருந்து கரகரக்கும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் கேட்கிறேன். இரண்டு பேரிங்கும் ஒரே நாளில் போட்டவை, ஒரே ஷாஃப்ட்டில் ஒரே வேகத்தில் ஓடியவை. ஒன்று புதுசு போல இருக்கிறது, ஒன்று துருப்பிடித்துச் செத்துவிட்டது என்றால் அது தேய்மானம் இல்லை, தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சீலைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சீலில் இருக்கிற பீங்கான் வளையத்தின் பளபளப்பான முகத்தில் இங்க் பேனா மையைத் தடவிவிட்டு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் மை அதில் தங்கி நிற்கும். இன்னொன்று, சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் பாடியின் அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் கசிந்தாலும் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் கீழே சொட்டிவிடட்டும் என்று வைத்தது. அது திறந்திருக்கிறதா?

நான் துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். கோளாறு தெரிகிற இடம் ஒன்று, இருக்கிற இடம் ஒன்று. பாதி ரிப்பேர் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம்.

ஊசிநூல்

அண்ணன் சொன்ன கடைசி வரிக்காகவே இந்த இழையில் எழுதுகிறேன். எங்கள் வீட்டு கார் ஷெட்டில் கார் கிடையாது, என்னுடைய மூன்று தையல் மெஷின் நிற்கிறது. தெருவில் யார் வீட்டு மெஷின் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வரும். வருகிற பத்தில் ஆறு பேர் சொல்வது ஒன்றே: துணிக்கு அடியில் நூல் கொசகொசவென்று கூடு கட்டுகிறது, அதனால் பாபின் கேஸ் (அடிநூல் கூடு) போய்விட்டது, இரண்டு பாபின் கேஸ் மாற்றியும் சரியாகவில்லை. கூடு கீழே தெரிவதால் கோளாறும் கீழே என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மேல் நூல்தான் இழுவை இல்லாமல் தொளதொளவென்று போகிறது. நூலை டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்கார வைக்காமல் மேலோடு விட்டிருப்பார்கள், அல்லது அந்த இரண்டு தட்டுக்கும் நடுவே பஞ்சு அடைத்துக்கொண்டு தட்டு சேராமல் நிற்கும். துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்து, ஒரு காட்டன் துணித் துண்டை மடித்துத் தட்டுகளுக்கு இடையில் ஒரு இழுப்பு இழுத்தால் கறுப்பாக ஒரு பஞ்சுத் திரி வெளியே வரும். அவ்வளவுதான் ரிப்பேர். ஃபுட் கீழே இறங்கியிருக்கும்போது நூல் கோத்தாலும் இதே தொல்லை வரும், ஏனென்றால் அப்போது தட்டுகள் இறுக மூடியிருக்கும், நூல் உள்ளே போகாது.

கால்மிதி மெஷினில் பெல்ட் நழுவினால் புது பெல்ட் வாங்க ஓட வேண்டாம். தோல் பெல்ட் நாளாக நாளாக நீளும். கிளிப்பைப் பிரித்து அரை இஞ்ச் வெட்டி, ஆணியால் துளை போட்டுத் திரும்ப மாட்டினால் போதும்.

ஒயர்மேன் (ஓய்வு)

சிங்காநல்லூர்த் தம்பி, பம்ப்பைப் பிரித்ததெல்லாம் சரி. மாட்டும்போது இரண்டு விஷயம் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஒன்று எர்த். மோட்டார் பாடியில் எர்த் போல்ட்டில் ஒயர் இருக்கிறதா, அந்த ஒயர் பிளக்கின் பெரிய பின்னுக்குப் போகிறதா, அந்த சாக்கெட்டின் எர்த் உண்மையிலேயே பூமிக்குப் போகிறதா என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பல வீட்டில் மூன்றாவது ஒயரை வெட்டி மடக்கி டேப் சுற்றி வைத்திருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கார் ஷெட் தரை ஈரமாக இருக்கும், நாம் வெறுங்காலோடு நிற்போம், கையில் இரும்பு மெஷின். அந்த போர்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடுகிற சுவிட்ச், கட்டாயம் இருக்க வேண்டும். அதில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். எம்சிபி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். எம்சிபி லோடு கூடினால் விழுந்து ஒயரைக் காப்பாற்றுவதற்கு, மனுஷனைக் காப்பாற்றுவதற்கு ஆர்சிசிபி.

இரண்டாவது, போன கோடையில் சம்ப் காலியாக இருக்கும்போது மோட்டார் ஓடியதா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

நாஞ்சில் தச்சு

நடுவில் புகுந்து கொஞ்சம் மர விஷயம் பேசிக்கொள்கிறேன். எங்கள் பக்கம் பழைய வீடு இடிக்கும்போது அயனி மரக் கதவு கிடைக்கும். ஒன்றரை இஞ்ச் கனமான அப்படி ஒரு கதவைத்தான் என் பட்டறை மேஜைக்குப் பலகையாகப் போட்டேன். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரம், எனக்கு அது 34 இஞ்ச். இழைப்புளி தள்ளும்போது முதுகு வளையாமல் இருக்க அந்த உயரம் சரியாக இருக்கிறது.

மேஜை செய்து ஒரு மாதம் ஆட்டம். இழைப்புளியைத் தள்ளினால் மேஜையும் கூடவே போகும். கால் மூட்டு சரியில்லை என்று பிரித்து, துளைக்குள் செருகுகிற கழுந்தைத் திரும்பச் செதுக்கி, ஆப்பு வைத்து ஒட்டினேன். அப்படியும் ஆடியது. மூலைமட்டம் வைத்தால் எல்லாம் மட்டம். கடைசியில் ரசமட்டத்தை மேஜையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன். கார் கழுவுகிற தண்ணீர் கேட்டுப் பக்கம் ஓடட்டும் என்று கொத்தனார் தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார், அதுவும் ஒரே சீராக இல்லை, நடுவில் லேசான பள்ளம். குற்றமே செய்யாத மூட்டை இரண்டு தடவை பிரித்திருக்கிறேன். காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தால் ஈரத்தில் ஊறிப் போய்விடும். நான்கு காலிலும் கீழிருந்து துளை போட்டு எம் 12 நட்டைப் பதித்து, நீள போல்ட்டை முறுக்கி வைத்தேன். போல்ட் தலைதான் இப்போது தரையில் நிற்கிறது. ஸ்பேனர் போட்டு அரைச் சுற்றுத் திருப்பினால் மட்டம் வந்துவிடும். மரக்கால் தரையைத் தொடாததால் கழுவுகிற தண்ணீரில் ஊறுவதும் நின்றது.

ஈரோட்டுப் பாதை

எல்லோரும் ஆர்வமாக எழுதுகிறீர்கள், படிக்க நன்றாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். எட்டு வருடம் ஓடின பம்ப். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, வீட்டில் அதுவரை குடத்தில் தண்ணீர் தூக்கியிருப்பார்கள். புதுசு வாங்கி மாட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டுமா?

சிங்காநல்லூர்க்காரன்

நியாயமான கேள்விதான். பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு பழைய பம்ப்பை வாங்கி மாட்டித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம், அதனால் யாரும் குடம் தூக்கவில்லை. ஆனால் புதுசு மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டது, கேளுங்கள்.

மலைக்கோட்டை அண்ணன் சொன்னபடி பீங்கான் வளையத்தில் மையைத் தடவித் துடைத்தேன். முகம் முழுதும் வெள்ளையாகிவிட்டது, ஆனால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று கோடு மட்டும் முடி மாதிரி நீலமாக நிற்கிறது. நகத்தால் தடவினால் தெரியாது, வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த சீலையே திரும்பப் போட்டிருந்தால் புதுப் பேரிங்கும் இதே கதியாகியிருக்கும். அடித்துளையும் அடைத்துத்தான் கிடந்தது. எங்கள் போர்வெல் தண்ணீரும் சம்ப்பில் கலக்கும், உப்புத் தண்ணீர், அந்த உப்பு கெட்டியாக இறுகிப் போயிருந்தது. 3 மில்லி டிரில் பிட்டைக் கையால் திருகித் திறந்தேன்.

ஒயர்மேன் ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், ஓடியது. மே மாதம் குழாய்த் தண்ணீர் வருகிற இடைவெளி நீண்டுபோன சமயம், மோட்டாரைப் போட்டுவிட்டு அம்மா கோயிலுக்குப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் சம்ப்பில் தரை தெரிகிறது. அதன் பிறகும் மோட்டார் நன்றாக ஓடியதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒயர்மேன் (ஓய்வு)

அதேதான். அந்த சீலின் கார்பன் முகமும் பீங்கான் முகமும் உரசிக்கொண்டே சுற்றுகின்றன, நடுவில் இருக்கிற தண்ணீர்ப் படலம்தான் அதற்கு எண்ணெய், அதுவே குளிர்ச்சியும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நெருப்பாகச் சுட்டுவிடும். அப்புறம் பச்சைத் தண்ணீர் பட்டதும் சூடான கண்ணாடி டம்ளர் மாதிரி விரிசல் விடும். மே மாதத்தில் விரிசல், மழைக்காலம் முழுதும் கசிவு, இப்போது பேரிங் இறுகியது. புது பம்ப் மாட்டியிருந்தாலும் அடுத்த மே மாதம் இதே கதைதான். சம்ப்பில் ஃப்ளோட் சுவிட்ச் போடுங்கள்.

வடமராட்சி

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எங்கட ஊரில திருத்த வேலை எண்டது பொழுதுபோக்கா இருக்கேல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, மின்சாரமும் இல்லை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில்தான் ஓடினோம். சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலை நாலு துளி விட்டு உதைத்து, இயந்திரம் சூடானவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். றேடியோவில் செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் மின்சாரம் எடுத்தோம். நான் பெடல் சுற்ற, அப்பா காதை றேடியோவோடு ஒட்டிக்கொண்டு இருப்பார்.

என் மாமா வீட்டுக் கொட்டிலில்தான் ஊர்ச் சனத்தின்ர மோட்டார் சைக்கிள் எல்லாம் வந்து நிற்கும். வண்டி இழுக்குதில்லை எண்டு வருகிறவர் காபரேட்டரைத்தான் குறை சொல்லுவார். மாமா காபரேட்டரைத் தொடமாட்டார், முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். காய்ந்த கரி படிந்திருந்தால் காற்றுக் குறைவு அல்லது எண்ணெய் கூடிப் போச்சு. ஈரக் கறுப்பு எண்டால் எரியாத எண்ணெய், இல்லாவிட்டால் உள்ளே ஒயில் ஏறுது. மண் நிறத்தில் இருந்தால் இயந்திரம் நல்லம், வேறு இடத்தைப் பார். இண்டைக்கும் என்னட்டை வருகிற எந்த வண்டிக்கும் முதல் வேலை அதுதான். மாமா இப்ப இல்லை. அவற்ற பிளக் சாவி என் பட்டறைச் சுவரில் தொங்குது.

ஸ்கார்பரோ கராஜ்

வடமராட்சி அண்ணை, உங்கள் பதிவை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அவரும் பெடல் சுற்றியவர்.

இங்கே டொரொன்டோவில் எங்கள் கராஜில் சூடாக்கி இல்லை. போன குளிர்காலம் மகளுக்கு ஒரு புத்தக அலமாரி செய்தேன். மரப்பசை குளிரில் கெட்டுவிடும் என்று தெரியும், பத்து பாகைக்குக் கீழே அந்த வெள்ளைப் பசை ஒழுங்காகப் படலம் பிடிக்காது. அதனால் பசைப் போத்தலை வீட்டுக்குள் சமையலறையில் வைத்து, இளஞ்சூட்டோடு எடுத்துப் போய்த்தான் பூசினேன். கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டேன். கழற்றினால் மூட்டு கையோடு வருகிறது, உள்ளே பசை சுண்ணாம்புப் பொடி போல வெளுத்திருந்தது. பசை சரியில்லை என்று வேறு போத்தல் வாங்கினேன், அதுவும் அப்படித்தான். பசையை மட்டும் சூடாக வைத்து என்ன பயன், மரம் கராஜிலேயே மைனஸில் கிடந்திருக்கிறது. பூசின அடுத்த கணமே மரம் பசையைக் குளிரப்பண்ணிவிடும். மூன்றாம் தரம் பலகை எல்லாவற்றையும் இரண்டு நாள் வீட்டு ஹோலில் வைத்து, அங்கேயே ஒட்டி, அங்கேயே காய விட்டேன். அலமாரி இன்றும் அசையாமல் நிற்கிறது.

புதுக்கை

நான் மதுரை, படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். வீட்டு கார் ஷெட்டில் தொடங்கலாம் என்று ஆங்கிள் கிரைண்டர் வாங்கிவிட்டேன். மரம் அறுக்க தனி மெஷின் வாங்காமல், கிரைண்டரிலேயே மாட்டுகிற நான்கு இஞ்ச் மர அறுவை பிளேடு கடையில் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா? டிஸ்க்கை மூடியிருக்கிற கார்டை மட்டும் கழற்ற வேண்டியிருக்கும் என்றார்கள்.

மலைக்கோட்டை

வேண்டாம் தம்பி. தயவுசெய்து வேண்டாம். கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுக்குக் கிட்டே ஓடும். பல் வைத்த பிளேடு மரத்தில் ஒரு கணுவைக் கடித்தால் மெஷின் உங்கள் மேலேயே எகிறும், கையை எடுக்க நேரமே இருக்காது. என் கூட வேலை பார்த்த ஒருவர் தொடையில் வாங்கிய வெட்டை நான் துணியால் கட்டி, அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். மரத்துக்குக் கைரம்பம் போதும், வேகம் வேண்டும் என்றால் பணம் சேர்த்து சர்க்குலர் ரம்பம் வாங்குங்கள்.

கிரைண்டரில் இரும்பு வெட்டும்போதும் கார்டு எப்போதும் இருக்கட்டும். டிஸ்க் மேல் அச்சடித்திருக்கிற சுற்று எண்ணிக்கை மெஷினில் போட்டிருப்பதை விடக் கூடுதலாக இருக்க வேண்டும், 100 மில்லி டிஸ்க்கில் பெரும்பாலும் 15,300 என்று இருக்கும். நடுவில் இருக்கிற உலோக வளையத்தில் மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள், அது காலாவதித் தேதி, நிறையப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. பழைய டிஸ்க்கில் பிசின் பலம் குறைந்துபோகும், ஓடும்போது சிதறும். டிஸ்க் வெட்டுவதற்கு நேர் வரிசையில் நிற்காதீர்கள், ஒரு பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். முதலில் ஒரு நல்ல வைஸ், ஒரு பாஸ்டர்ட் அரம், ஒரு மீட்டர் வாங்குங்கள். மற்றதெல்லாம் வேலை வரும்போது ஒன்றொன்றாக வரும்.

புதுக்கை

சரி அண்ணா, வாங்கவில்லை. கார்டைத் திரும்பவும் மாட்டிவிட்டேன். என் டிஸ்க்கில் தேதி போன வருடமே முடிந்திருக்கிறது, தூக்கிப் போட்டுவிட்டேன்.

சிங்காநல்லூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பம்ப் ஓடுகிறது.

பேரிங் இரண்டும் மாற்றினேன், பின்பக்கத்துக்கும் சேர்த்து, ரப்பர் மூடி வைத்த 2 ஆர்எஸ் வகை. அரை இஞ்ச் பைப் அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது, ‘டிங்’ சத்தமும் கேட்டது. புது சீலின் இரண்டு முகத்தையும் விரல் படாமல் மெல்லிய துணியில் பிடித்து, ரப்பர் பக்கத்துக்கு மட்டும் சோப்புத் தண்ணீர் தடவி இறக்கினேன். பாடிக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பி, கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்ட பிறகுதான் சுவிட்ச் போட்டேன்.

எர்த் ஒயர் பிளக் வரைக்கும் நன்றாக இருந்தது, சாக்கெட்டுக்குப் பின்னால் இணைப்பே இல்லை. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் ஒயர் புதுசாக இழுத்து, கார் ஷெட் போர்டுக்கு ஆர்சிசிபியும் போட்டாயிற்று. ஒயர்மேன் ஐயா கேட்டிருக்காவிட்டால் நான் அந்த சாக்கெட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன், உங்களுக்கு என் நன்றி.

ஃப்ளோட் சுவிட்ச் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று ஒயர் வரும், அதில் எந்த இரண்டை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று தண்ணீர் குறைந்தால் நிற்கும், இல்லை தண்ணீர் குறைந்தால் ஓட ஆரம்பிக்கும். சம்ப்பில் இறக்குவதற்கு முன்னால் மீட்டரை கண்டினியூட்டியில் வைத்து, ஃப்ளோட்டைக் கையில் பிடித்து மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள். மிதக்கிற நிலையில் பீப் வர வேண்டும், தொங்குகிற நிலையில் வரக்கூடாது. நான் முதலில் தப்பான ஜோடியைத்தான் எடுத்திருந்தேன். உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கிற ஃபுட் வால்வுக்கு ஒரு சாண் மேலே தண்ணீர் நிற்கும்போதே மோட்டார் நிற்கிற மாதிரி ஒயரைக் கட்டியிருக்கிறேன்.

சீல் போட்டு எட்டு நாள் ஆகிறது. அந்த அடித்துளைக்கு நேர் கீழே பழைய செய்தித்தாளை மடித்து வைத்திருக்கிறேன், தினமும் காலையில் மோட்டார் ஓடி முடிந்ததும் எடுத்துப் பார்க்கிறேன். இன்றைக்கும் காய்ந்துதான் இருக்கிறது.